ஆயுள் கைதி முன்விடுதலை: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தெற்குத்தெரு:
அண்ணனுக்கு 14 வருடம் முடிந்து பெயர், முன்விடுதலைக்குப் பரிந்துரைக்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போயிருந்த நேரம். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார். அம்மாவிடம் நிறையக் கேட்கவில்லை. "வெளிய வந்தா எங்கம்மா படுப்பான்?" என்றார். அம்மா திண்ணைக் கட்டிலைக் காட்டினார். அதன்மேல் நெல் மூட்டை. அலுவலர் பார்த்தார், ஏதோ எழுதினார், கிளம்பிவிட்டார். அவர் போனதும் அம்மா தனியாளாக மூட்டையை இறக்கினார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். பிறகு வந்த உத்தரவில் ஒரே வரி: "குற்றத்தின் தன்மை கருதி நிராகரிக்கப்படுகிறது." அந்தக் கட்டிலைப் பார்த்து அவர் என்னதான் எழுதியிருப்பார்?

கறுப்புக்கோட்டு:
தங்கச்சி, அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு வரி உத்தரவெல்லாம் கோர்ட்டில் நிற்காது. மறுபடி குற்றம் செய்ய வாய்ப்பு உண்டா, இனியும் உள்ளே வைப்பதால் பயன் உண்டா, குடும்ப நிலை என்ன என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. 2010 ஜெகதீஷ் தீர்ப்புப்படி, தண்டனை விதித்த நாளில் இருந்த கொள்கைதான் பொருந்தும். பின்னால் வந்தது தாராளமாக இருந்தால் அதையும் கேட்கலாம். இரண்டு அரசாணைகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மறுத்தால் காரணத்தைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். அப்புறம் ஒன்று, 14 முடிந்தால் கதவு தானாகத் திறக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆயுள் என்றால் ஆயுள்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ (2024 ஜூலை முதல் புதிய சட்டமான BNSS-இன் 475) சொல்லும் 14, அதற்குமுன் விடக் கூடாது என்பதற்கு.

என் அனுபவமா? சிறையில் மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்கப் போனபோது ஒருவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சார், என் ஃபைலுக்கு மூணு கலெக்டர் மாறிட்டாங்க" என்றார். அவ்வளவுதான்.

பாமாயில்:
வக்கீல் சார், எங்கள் பக்கம் யார் ரிட் போடுவது? என் தம்பியைக் கொன்றவர் ஒரு தலைவர் பிறந்தநாள் அரசாணையில் வெளியே வந்தார். ஆளுநருக்குத் தண்டனையைக் குறைக்க அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு என்றால் உங்கள் 14 வருடக் கணக்கும் கிடையாது. 2008-இல் அண்ணா நூற்றாண்டுக்கு 7 வருடம் முடித்தவர்களையே விட்டார்கள், 1,405 பேர். எங்களுக்கு ஒரு தபால்கூட வரவில்லை. தம்பியைக் கொன்றவர் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்தவர், "நீங்க முன்னால போங்கக்கா" என்றார். போய்விட்டேன். பருப்பு வாங்கி, பாமாயில் வாங்கி, கைரேகை வைத்து முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னால் அவர் நின்றார். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. காலண்டரைப் பார்த்து விடுவதற்குப் பெயர் பரிசீலனையா?

ஓய்வு_வாத்தியார்:
அக்கா கேட்பது நியாயம். ஆனால் காலண்டரே இல்லாதவர்களும் உள்ளே இருக்கிறார்கள். சிறையில் பாடம் எடுத்தேன். தூக்கிலிருந்து குறைத்து "30 வருடம், ரிமிஷன் (தண்டனைக் குறைப்பு) கிடையாது" என்று வாங்கிய ஒருவர் என் வகுப்பில் இருந்தார். 2008 ஸ்ரத்தானந்தா தீர்ப்பில் தொடங்கி, 2015-இல் ஸ்ரீஹரன் வழக்கில் 3-2 என்று உறுதியானதே, அந்த வகை. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு நடத்தினேன். "எனக்குக் கடன் கொடுக்க யாரு சார் இருக்கா" என்றார். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013-இல் வின்டர் வழக்கில், வெளியே வரும் நம்பிக்கையும் மறுபரிசீலனையும் இல்லாத ஆயுள் தண்டனை மனித உரிமைக்கு முரண் என்றது. விட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்றது. முதல் பரிசீலனை 25 வருடத்துக்குள் என்பதுதான் சர்வதேசப் போக்கு என்றும் எழுதியது. நம் 30-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கறுப்புக்கோட்டு:
வாத்தியாரே, குடியரசுத் தலைவருக்கான 72, ஆளுநருக்கான 161 பிரிவுகளின் அதிகாரத்தை ஸ்ரீஹரன் தீர்ப்பு தொடவில்லை. அவரும் ஆளுநருக்கு மனு போடலாம். எந்தச் சிறை என்று தனியே சொல்லுங்கள்.