மறு: ஐசோமரேஸுக்குத் தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மூலக்கூறின் அணுக்களைக் கூட்டாமல் குறைக்காமல் அமைப்பை மட்டும் மாற்றும் நொதியான ஐசோமரேஸுக்கு "மாற்றிய நொதி" என்று வைத்துவிடலாம் என்ற பக்கமே இந்த இழை சாய்ந்துகொண்டிருக்கிறது. முடிவு செய்வதற்கு முன் என் மறுப்பைக் கேளுங்கள்.

சென்ற மாதம் ஒரு தாய்க்கு, அவருடைய குழந்தையின் மரபணுப் பரிசோதனை அறிக்கையைத் தமிழில் விளக்கி எழுதிக் கொடுத்தேன். எலும்புகள் எளிதில் முறிந்துபோகும் பரம்பரை நோய். சைக்ளோஃபிலின் பி என்ற புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை. "இது ஒரு மாற்றிய நொதி" என்று எழுதியிருந்தேன். அவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "யார் மாற்றினார்கள்? வயிற்றில் இருந்தபோது நான் சாப்பிட்ட மாத்திரையா?" தாளை வாங்கி அந்தச் சொல்லை அடித்தேன். ஒரு கலைச்சொல் ஒரு தாயின் மனத்தில் இல்லாத குற்றத்தை ஏற்றிவிட்டது.

ஐசோமரை, அதாவது அதே அணுக்கள் வேறு அமைப்பில் உள்ள மூலக்கூறைக் குறிக்கும் "மாற்றியம்" தனியாக நிற்கும்போது நல்ல சொல்தான். தமிழ்நாட்டு வேதியியல் பாடநூல்களில் ஊன்றிவிட்டது. ஆனால் மகரம் உதிர்ந்து இன்னொரு பெயரின் முன்னால் நின்றால் அது பெயரெச்சமாகிவிடுகிறது. "மரபணு மாற்றிய பருத்தி" என்று நாளிதழ்களில் படித்துப் பழகிய கண் வேறு எப்படிப் படிக்கும்? "மாற்று நொதி" இன்னும் மோசம். மாற்றுச் சாவி, மாற்று ஏற்பாடு என்பது போல, ஒன்றுக்குப் பதில் வைக்கும் நொதி என்றாகிவிடும். ஆகவே வகைப் பெயராக "மாற்றியமாக்கி" என்கிறேன். இலங்கை நண்பர்கள் சமபகுதியம் என்பதால் அவர்களுக்குச் சமபகுதியமாக்கி. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இதில் சண்டை வேண்டாம்.

இது ஐந்தாம் நொதி வகுப்பு முழுவதற்குமான பெயர். குளுக்கோஸை ஃபிரக்டோஸாக்கும் நொதியும் அதற்குள்தான் வரும். நோய்களைப் பற்றி எழுதும்போது, புரதங்கள் உருப்பெற உதவும் இரண்டு மாற்றியமாக்கிகளுக்குத் தனிப்பெயர் வேண்டும். அவை செய்யும் வேலைகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை.

முதலாவது, புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கு முன்னால் இருக்கும் பெப்டைடு பிணைப்பைத் திருப்புவது. மற்ற அமினோ அமிலங்களின் முன்னுள்ள பிணைப்பு ஏறத்தாழ எப்போதும் எதிர்ப்பக்க (டிரான்ஸ்) வடிவில் இருக்கும். புரோலின் மட்டும் விலக்கு; உருப்பெற்ற புரதங்களில் இருபதில் ஒரு புரோலின் அளவுக்கு ஒருபக்க (சிஸ்) வடிவில் நிற்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானாகத் திரும்ப நொடிகள், சில நேரம் நிமிடங்கள் ஆகும். நொதி இருந்தால் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். எலும்பின் முக்கியப் புரதமான கொலாஜனை நினைத்துக்கொள்ளுங்கள். அது மூன்று புரி சேர்த்துத் திரித்த கயிறு, புரோலின் மலிந்தது. ஒரு முனையிலிருந்து முறுக்கு ஏறி வரும்போது ஏதாவது ஒரு புரியில் ஒரு புரோலின் ஒருபக்கமாக மடங்கி நின்றால் முறுக்கு அங்கேயே நின்றுவிடும். அதைத் திருப்பிவிடும் கைகளில் ஒன்றுதான் சைக்ளோஃபிலின் பி. அது இல்லாத குழந்தைக்கு எலும்பு முறிகிறது.

இரண்டாவது, சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களுக்கு இடையிலான கந்தகப் பாலங்களை அவிழ்த்துச் சரியான இடத்தில் போடுவது. இந்த நொதியை 1963-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆன்ஃபின்சனின் ஆய்வகம் கண்டறிந்தது. அவர் எடுத்துக்கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தில் எட்டு சிஸ்டீன்கள். முதல் சிஸ்டீனுக்கு இணை தேட ஏழு வழி, அடுத்ததற்கு ஐந்து, பிறகு மூன்று, கடைசியில் ஒன்று, பெருக்கினால் 105. அதில் ஒன்றே ஒன்றுதான் சரி. சட்டையின் முதல் பொத்தானை ஓட்டை தவறிப் போட்டவர் கடைசி வரை தவறாகவே போட்டுக்கொண்டு போவார். எல்லாவற்றையும் கழற்றித்தான் திருத்த முடியும். அந்தக் கழற்றலும் மாட்டலும் இந்த நொதியின் வேலை.

இரண்டுக்கும் பொதுவாக "மடிப்பு நொதி" போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எளிமையான சொல் என்பதால் முதலில் நானும் மயங்கினேன். நோய்களைப் பார்த்தால் அது நிற்கவில்லை. 1996-இல் கண்டறியப்பட்ட பின்-1 என்ற நொதி, பாஸ்பேட் ஏறிய செரின் அல்லது திரியோனினை அடுத்துள்ள புரோலினைத் திருப்புகிறது. அங்கே புரதம் ஏற்கெனவே உருப்பெற்று முடிந்தது. இந்தத் திருப்பல் ஒரு சுவிட்சைப் போன்றது மட்டுமே. பல புற்றுநோய்களில் பின்-1 மிகுந்து காணப்படுகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அதன் செயல் குன்றி, நரம்பணுக்களில் உள்ள டௌ என்ற புரதம் கெடுவதற்கு வழிவிடுகிறது. கந்தகப் பாலத்து நொதியும் அப்படித்தான். இரத்தக் குழாயில் காயம் பட்டால் தட்டணுக்கள் அதை வெளியே விடுகின்றன. எலிகளில் அதைத் தடுத்தால் இரத்தக்கட்டு உருவாவது குறைகிறது. அங்கே மடிப்பதற்கு ஏது புதிய புரதம்? நோக்கத்தை வைத்துப் பெயரிட்டால் இடம் மாறியதும் பெயர் பொய்யாகிவிடும்.

மருந்தை வைத்துப் பெயரிடுவதும் வேண்டாம். சைக்ளோஃபிலின் என்ற பெயரே அந்த வழியில் வந்ததுதான். 1984-இல், மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமலிருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைப் பற்றிக்கொள்ளும் புரதம் என்று மாட்டின் தைமஸ் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் குந்தர் ஃபிஷர் பன்றியின் சிறுநீரகத்திலிருந்து புரோலினைத் திருப்பும் நொதி ஒன்றைக் கண்டார். இரண்டும் ஒன்றே என்பது தெரிய 1989 ஆயிற்று. உடனே, நொதி தடைப்படுவதால்தான் மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமல் இருக்கிறது என்று எண்ணினார்கள். 1991-இல் அதுவும் தவறென்று தெரிந்தது: மருந்தும் புரதமும் சேர்ந்த கூட்டு, கால்சினியூரின் என்ற வேறொரு நொதியை முடக்குவதுதான் காரணம். பெயர் ஒரு பக்கம் இழுத்தால் சிந்தனையும் அந்தப் பக்கமே போகும்.

எனவே கை செய்யும் செயலையே பெயராக்குவோம். முதலாவதற்குப் புரோலின்திருப்பி, இரண்டாவதற்குக் கந்தகப்பாலமாற்றி. "புரட்டி" ஓசைக்கு நன்றாக இருந்தாலும் புரட்டு என்றால் பொய் என்ற பொருள் முந்திக்கொள்ளும். "திருப்பி" என்பதை வினையெச்சமாகப் படிக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். ஒலிபெருக்கியையும் நீர்மூழ்கியையும் யாரும் அப்படிப் படிப்பதில்லை. சேர்த்து எழுதினால் போதும், பிரித்து எழுதுவதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அந்தத் தாய்க்குத் திருத்தி எழுதிய வரி இது: "எலும்புக்கான கயிற்றைத் திரிக்கும்போது மடங்கிய இடத்தைத் திருப்பிவிடும் புரோலின்திருப்பி ஒன்று உங்கள் குழந்தைக்கு உருவாகவில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிழைப் பிரதி வந்ததே காரணம். நீங்கள் சாப்பிட்ட எதுவும் இல்லை."

கந்தகப்பாலமாற்றி நீளமாக இருப்பது எனக்கும் உறுத்துகிறது. பாலத்தை விட்டுவிடாமல் சுருக்க வழி தெரிந்தால் எழுதுங்கள்.