யூஸ்டேசியன் குழல்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தொகுப்பாளர், திங்கள் இரவு

நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக எழுதியவற்றைத் தொகுத்து வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். பாதி மருத்துவம், பாதி மருத்துவ வரலாறு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பொருளடைவு போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய்க்கு நான்கு பெயர் வைத்திருக்கிறார்: முதலில் ‘யூஸ்டேசியன் குழல்’, பிறகு ‘நடுச்செவிக்குழல்’, ஓரிடத்தில் ‘தொண்டைக்காதுக் குழாய்’, கடைசிக் கட்டுரைகளில் வெறும் ‘செவிக்குழல்’. அவரைக் கேட்கலாம் என்றால் அவர் இப்போது இல்லை. எதை வைத்துக்கொள்வது?

மதுரை மருத்துவர், செவ்வாய் காலை

செவிக்குழல் வேண்டவே வேண்டாம் அம்மா. காதுக்குள் குச்சி விடுகிற துளையைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். தொண்டை என்று சொன்னால் நோயாளி குரல்வளையைத் தொட்டுக் காட்டுவார். குழாயின் வாய் இருப்பதோ மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே. நடுச்செவிக்குழல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தைகளின் செவிப்பறையில் துளையிட்டு ‘குரோமெட்’ என்ற சின்னக் குழாய் வைக்கிறோமே, 1954இல் அமெரிக்க மருத்துவர் ஆம்ஸ்ட்ராங் கொண்டுவந்தது, அதையும் பெற்றோர் “நடுக்காதுல வெச்ச குழாய்” என்கிறார்கள். எது பிறவியில் வந்தது, எது நான் வைத்தது என்று யார் பிரித்துச் சொல்வது? யூஸ்டேசியனே இருக்கட்டும், மாணவர்களுக்குப் பழகிய பெயர்.

புலவர் ஐயா, செவ்வாய் மாலை

மருத்துவருக்குப் பணிவுடன் ஒரு மறுப்பு. ‘யூ’ மொழிக்கு முதலில் வருமா? “ஆவோடு அல்லது யகர முதலாது” என்கிறார் தொல்காப்பியர்; ‘யா’ மட்டுமே முதலில் வரலாம். நன்னூலார் கொஞ்சம் தாராளம்: “அ ஆ உ ஊ ஓ ஔ யம்முதல்”. சரி, நன்னூல் வழி உள்ளே விட்டாலும் அடுத்தாற்போல் ‘ஸ்’ நிற்கிறதே! ஃபெலோப்பியன் குழாயைக் கருக்குழாய் ஆக்கினோம். ஃபெலோப்பியோவைக் காணோம் என்று இன்றுவரை யாராவது அழுதார்களா?

யாழ்ப்பாண ஆசிரியர், செவ்வாய் இரவு

ஐயா, ‘ஸ்’ தான் தொல்லை என்றால் எங்களிடம் வழி இருக்கிறது. ஆக்சிஜனை ஒட்சிசன், ஹைட்ரஜனை ஐதரசன் என்று எழுதிப் படித்தவர்கள் நாங்கள். குழாய்க்குப் பெயர் தந்த ஆள் எயுஸ்டாக்கி, இத்தாலியர். அதை ‘ஊத்தாக்கி குழாய்’ என்று எழுதினால் போச்சு.

மதுரை மருத்துவர், செவ்வாய் இரவு

ஊத்தாக்கியா? சளி பிடித்து வருகிறவர்களிடம் அதைச் சொன்னால் மருந்தை ஊற்றப் போகிறேன் என்று பயந்துவிடுவார்கள்.

தொகுப்பாளர், புதன் காலை

பெயரின் கதையை மறைந்த நம் நூலாசிரியர் டாக்டரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். குழாயை முதலில் கண்டவர் எயுஸ்டாக்கி அல்லர். ஆடு காதால் மூச்சு விடுகிறது என்று பழைய கிரேக்க அறிஞர் அல்க்மேயோன் சொன்னதாகவும் அது தவறு என்றும் அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆட்டை அறுத்துப் பார்த்தவர் இந்தக் குழாயைக் கண்டிருக்க வேண்டும் என்பது டாக்டரின் ஊகம். 1564இல் அச்சான நூலில் எயுஸ்டாக்கி அதை ஒழுங்காக விவரித்தார். அவருடைய பெயரைக் குழாய்க்கு வைத்தவர் இன்னொரு இத்தாலியரான வல்சால்வா, 1704இல். காது அடைத்தால் மூக்கைப் பொத்திக் காற்றை அழுத்துகிறோமே, அந்த முறைக்குப் பெயர் தந்த அதே வல்சால்வா. எனக்குப் பிடித்த ஆள் குயோ. வெர்சாயில் தபால் அதிகாரி, மருத்துவரே இல்லை. தன் காது கேட்காமல் போனதால் வளைந்த குழாய் ஒன்றை வாய்வழியே விட்டுத் தானே கழுவிக்கொண்டு, 1724இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அதைச் சொன்னார்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்று உண்டு. வல்சால்வா எழுதிய இலத்தீன் சொல் ‘தூபா’. அதற்குப் பொருள் குழாய் அன்று, எக்காளம். மூக்குப் பக்க வாய் அகன்று விரிவதால் அந்தப் பெயர்.

மென்பொருள்காரர், புதன் காலை

எக்காளமா? அப்போ நம்ம தாரை தப்பட்டைத் தாரை! செவித்தாரை. முடிந்தது.

மதுரை மருத்துவர், புதன் நண்பகல்

முடியவில்லை தம்பி. கண்ணீர் தாரைதாரையாய் வடிகிற ஊரில் செவித்தாரை என்றால் காதில் சீழ் வடிகிறது என்றுதான் பொருள்படும். அது வேறு நோய், வேறு சீட்டு.

புலவர் ஐயா, புதன் இரவு

தம்பி தட்டிய கதவு சரியான கதவு. உள்ளே இருப்பது தாரை அன்று, தூம்பு. மலைபடுகடாத்தில் ‘களிற்றுயிர்த் தூம்பு’ வருகிறது: யானையின் மூச்சைப்போல் ஒலிக்கும் ஊதுகருவி. அதே சொல் ஏரி மதகுக்கும் வழங்கும். மருத்துவர் ஐயா, ஒன்று சொல்லுங்கள்: அந்தக் குழாய் எப்போதும் திறந்தா கிடக்கிறது?

மதுரை மருத்துவர், புதன் இரவு

இல்லை. பெரும்பாலும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்துத் திறக்கும். கொடைக்கானல் பேருந்தில் காது அடைத்தால் எச்சிலை விழுங்குகிறோமே, அதற்குத்தான். திறந்தே கிடந்தால் அது நோய். நம் குரல் நமக்கே பானைக்குள் பேசுவதுபோல் முழங்கும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளம், சாய்வாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறையக் கிடையாக இருக்கும். சளி பிடித்த குழந்தைக்குக் காது வலிப்பது அதனால்தான்.

புலவர் ஐயா, புதன் நள்ளிரவு

பார்த்தீர்களா! ஊதுகருவி, திறந்து மூடும் மதகு, இரண்டும் ஒரே சொல்லில். செவித்தூம்பு! காற்றுத் தூம்பு என்றாலும் சரி. இலத்தீன்காரனுக்குக்கூட இத்தனை பொருத்தம் வாய்க்கவில்லை. ‘தூம்பு’க்கும் ‘தூபா’வுக்கும் உள்ள ஒலியொற்றுமை பற்றித் தனியே ஒரு நீண்ட மடல் எழுதுகிறேன்.

யாழ்ப்பாண ஆசிரியர், வியாழன் காலை

ஐயா, அந்த மடல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரட்டும். இடையில் ஒரு சந்தேகம். மெல்லெழுத்து “மூக்கின் வளியிசை யாப்புறத் தோன்றும்” என்று தொல்காப்பியப் பிறப்பியலில் படிப்பிக்கிறேன். மூக்கு அடைத்த பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிட்டால் ‘அப்பா’ மாதிரிக் கேட்கிறதே, அதுதானே இது?

மதுரை மருத்துவர், வியாழன் காலை

அதேதான். மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை வீங்கிய பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்லச் சொல்வதே ‘மாமா’ தான். அந்தச் சதை இந்தக் குழாயின் வாயையும் அடைக்கும். ஆக தொல்காப்பியர் எங்கள் துறைக்குப் பாதி தூரம் வந்துவிட்டார். தூம்பு மட்டும் வேண்டாம் ஐயா. எங்கள் பக்கத்தில் குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டைக்குப் பெயர் அது.

தொகுப்பாளர், வியாழன் இரவு

குழுவில் ஆதரவை எண்ணிப் பார்த்தேன்: யூஸ்டேசியனுக்கு ஐந்து பேர், நடுச்செவிக்குழலுக்கு இருவர், தூம்புக்கு ஒருவர். கட்டுரைகளுக்குள் டாக்டர் எழுதியபடியே விட்டுவிடுகிறேன். இறந்தவர் எழுத்தில் கைவைக்க மனமில்லை. பொருளடைவில் ‘யூஸ்டேசியன் குழல்’ தலைச்சொல், மற்ற மூன்றுக்கும் ‘காண்க’. அனைவருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

புலவர் ஐயா, வெள்ளி விடியற்காலை

பதிவுக்காக: எனக்கு உடன்பாடு இல்லை. குளியலறையில் இருப்பது சலதாரை. அதைத் தூம்பு என்பது மதுரைக்காரர் பிழை. தூம்பின் பிழை அன்று.