உள்நுழைந்த சில நிமிடங்களில் உறையும் கணினி: சேஃப் மோடில் எப்படி நுழைவது, நுழைந்தபின் எதைப் பார்ப்பது?

கேள்வி: கருந்திரை

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. சென்ற வாரம் கிராஃபிக்ஸ் டிரைவரை (திரைக்காட்சியை இயக்கும் மென்பொருளை) புதுப்பித்த மறுநாளிலிருந்து, கணினியை இயக்கி உள்ளே சென்ற இரண்டு மூன்று நிமிடங்களில் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. சுட்டி நகர்வதில்லை, எந்த விசையை அழுத்தினாலும் பலனில்லை, மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இன்றியமையாதவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோடில் தொடங்கிப் பார்க்கலாம் என்று எஃப்8 விசையைப் பலமுறை தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து ‘சேஃப் பூட்’ என்ற கட்டத்தில் குறியிட்டால் போதும் என்கிறார் நண்பர். அது சரியான வழியா? என் கோப்புகளுக்கு ஆபத்து உண்டா? உள்ளே நுழைந்தபின் நான் செய்ய வேண்டியது என்ன?

பதில்: பழையவிசை

எஃப்8 வேலை செய்யாதது உங்கள் தவறு அல்ல. விண்டோஸ் 95 காலத்திலிருந்து பழகிய அந்த விசை, விண்டோஸ் 8 வந்தபோது இயல்பாகவே முடக்கப்பட்டுவிட்டது. கணினி மிக வேகமாகத் தொடங்கியதால், விசை அழுத்தத்தைக் கவனிக்க 200 மில்லிநொடிக்கும் குறைவான இடைவெளியே மிஞ்சியது என்பது அப்போது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம்.

இப்போதைய வழி இது. உள்நுழையும் திரையின் கீழ்மூலையில் உள்ள மின்குறியைத் தொட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே ரீஸ்டார்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீலத்திரை தோன்றியதும் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று வரிசையாகச் சென்று மீண்டும் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்களிட்ட பட்டியல் ஒன்று வரும். அதில் 4 என்பது சேஃப் மோட். 5 இணைய வசதியுடன் கூடியது. 6 கட்டளைத்திரை மட்டும் கொண்டது. உங்களுக்கு இப்போதைக்கு 4 போதும்.

உங்கள் கோப்புகளை இது தொடுவதில்லை. ஆனால் வட்டு, விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், வழியில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினி கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் தேடி, வேறொரு சாதனத்திலோ தாளிலோ எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை நீக்குவதே தீர்வுகளில் ஒன்றாக இருந்தது. வேலை என்னவோ சில நிமிடங்கள்தான். சாவி கைவசம் இல்லாத இடங்களில் அந்தச் சில நிமிட வேலைக்கே வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தது.

எம்எஸ்கான்ஃபிக் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் குறியை நீங்களே எடுக்கும்வரை கணினி ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே தொடங்கும். அங்கே சில நேரம் பின் எண் ஏற்கப்படாது, கடவுச்சொல்தான் வேண்டும். அது மறந்துபோயிருந்தால் உள்ளே போய்க் குறியை எடுக்கவும் முடியாது. ஷிஃப்ட் வழியில் இந்தச் சிக்கல் இல்லை, அடுத்த ரீஸ்டார்ட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பதில்: சல்லடை

நுழையும் வழியை மேலே சொல்லிவிட்டார். நுழைந்தபின் என்ன பார்ப்பது என்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

சேஃப் மோட் எதையும் சரிசெய்வதில்லை. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ‘சேஃப்பூட்’ என்ற பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் உள்ள டிரைவர்களும் சேவைகளும் (பின்னணியில் ஓடும் நிரல்களும்) மட்டுமே அந்த நிலையில் ஏற்றப்படுகின்றன. கிராஃபிக்ஸ் டிரைவருக்குப் பதிலாக மைக்ரோசாஃப்டின் அடிப்படைத் திரை டிரைவர் வருவதால்தான் திரை மங்கலாகவும் எழுத்துகள் பெரிதாகவும் தெரிகின்றன. ஆகவே அங்கே நீங்கள் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே: கணினி அங்கும் உறைகிறதா, இல்லையா?

அங்கும் உறைந்தால் நினைவகம், வட்டு, வெப்பம் ஆகியவற்றையும் விண்டோஸின் சொந்தக் கோப்புகளையும் முதலில் சந்தேகியுங்கள். உறையவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் டிரைவரின் பண்புகளைத் திறந்து, பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியை முந்தைய நிலைக்குக் கொண்டுசெல்லும் சிஸ்டம் ரீஸ்டோரை மட்டும் அவசரப்பட்டு அங்கிருந்து செய்ய வேண்டாம். சேஃப் மோடில் செய்த மீட்பைப் பின்னர் திரும்பப் பெற முடியாது.

கருந்திரை

இருவருக்கும் நன்றி. சேஃப் மோடில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தேன், ஒருமுறைகூட உறையவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் மங்கி இருந்ததால் கிராஃபிக்ஸ் டிரைவரையே நீக்கிவிட்டு, இணையத்தைத் துண்டித்து, வழக்கமான நிலையில் தொடங்கினேன். அடிப்படைத் திரை டிரைவர்தான் ஓடியது. ஆனாலும் அதே இரண்டு மூன்று நிமிடத்தில் உறைந்துவிட்டது. நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பிழை வரிசையாக இருக்கிறது. அப்படியானால் வன்பொருளில் பழுது இல்லை, மின்வழங்கலில்தான் சிக்கல் என்று கொள்ளலாமா?

பதில்: நிதானம்

இரண்டு முடிவுகளுமே அவசர முடிவுகள்.

41 என்ற அந்தப் பதிவு, கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தி அணைத்த ஒவ்வொரு முறையும் அது எழுதப்பட்டிருக்கும். அது விளைவு, காரணம் அன்று. அதேபோல, சேஃப் மோடில் ஓடியதால் வன்பொருள் நலமாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அந்த நிலையில் கிராஃபிக்ஸ் சில்லு ஏறத்தாழ ஓய்வில் இருக்கிறது, பெரிய சுமை எதுவும் இல்லை. சுமை ஏறும்போது மட்டும் தலைகாட்டும் பழுது அங்கே வெளிப்படாமல் போகலாம்.

ஆனால் உங்கள் சோதனை வேறொன்றை நன்றாகவே காட்டிவிட்டது. டிரைவரை நீக்கிய பின்னும் உறைவதால், இவ்வளவு நேரம் குற்றவாளிக் கூண்டில் நின்ற கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்கிவிடலாம். எனக்கு உறுத்துவது அந்த ‘இரண்டு மூன்று நிமிடம்’தான். விண்டோஸில் சில சேவைகள் ‘தாமதத் தொடக்கம்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். மற்ற தானியங்கிச் சேவைகள் தொடங்கி இயல்பாக 120 நொடிகள் கழிந்த பிறகே அவை எழும். அவற்றுள் ஒன்று எழும் வேளையில்தான் உறைகிறது என்பது என் ஊகம்.

இதற்கு ‘கிளீன் பூட்’ முறையே பொருத்தம். சேஃப் மோடிலிருந்தே எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, சேவைகள் பக்கத்தில் முதலில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தில் குறியிடுங்கள். இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் முடக்கினால் கணினிக்கே தேவையான சேவைகளும் சேர்ந்து முடங்கும். மீதமுள்ளவற்றை முடக்கி வழக்கமான நிலையில் தொடங்குங்கள். உறையவில்லை என்றால் பாதியை மட்டும் இயக்குங்கள்; பிறகு சிக்கல் இருக்கும் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். நாற்பது சேவைகள் இருந்தாலும் ஆறு முறையில் ஒன்றுக்கு வந்துவிடலாம்.

பதில்: பழையவிசை

ஒரு சிறு திருத்தம். முழுமையாகப் பாதியாக்கத் தொடங்கும் முன், தாமதத் தொடக்கம் என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் சர்வீசஸ் பட்டியலில் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். ஊகம் சரியென்றால் ஆறு முறைகூடத் தேவைப்படாது.

கருந்திரை

கிடைத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றுள் தாமதத் தொடக்கம் கொண்டவை மூன்றே இருந்தன. அவற்றில் ஒன்று காப்புநகல் மென்பொருள் ஒன்றின் சேவை. அதை மட்டும் முடக்கித் தொடங்கினேன், மாலைவரை உறையவில்லை. மீண்டும் இயக்கியதும் மூன்றாவது நிமிடத்தில் உறைந்தது. தேதியைச் சரிபார்த்தபோது, நான் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த அதே நாளில் அந்த மென்பொருளும் தானாகப் புதுப்பித்துக்கொண்டது தெரிந்தது. நான் கையால் செய்த மாற்றம் மட்டுமே என் நினைவில் இருந்திருக்கிறது.

சேஃப் மோடிலேயே அதை நீக்க முயன்றேன், விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை இல்லை என்று மறுத்துவிட்டது.

பதில்: சல்லடை

அது எதிர்பார்த்ததுதான், சேஃப் மோடில் இன்ஸ்டாலர் சேவை இயல்பாகத் தொடங்குவதில்லை. அந்தக் காப்புநகல் சேவையை முடக்கிய நிலையிலேயே வழக்கமாகத் தொடங்கி நீக்குங்கள். நீக்கியபின் எம்எஸ்கான்ஃபிக்கின் முதல் பக்கத்தில் வழக்கமான தொடக்கத்துக்கு மாற்றி, நீங்கள் முடக்கிய மற்றச் சேவைகளையும் திரும்ப இயக்கிவிடுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதிய பதிப்பாகவே மீண்டும் நிறுவலாம், பழையதைத் தேடி அலைய வேண்டியதில்லை.