பழைய பிக்கப்பில் கறள் ஓட்டை: தகடு வைத்து மூடினால் தாங்குமா?

மயிலிட்டி ஓட்டம்:
வணக்கம் அண்ணைமார். 1992 தயாரிப்பு டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். காலையில் யாழ்ப்பாணம் மயிலிட்டியில் மீன் ஏற்றி, இங்கத்தைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோவேன். மிச்ச நேரத்தில் வெங்காயம், சீமெந்து என்று கிடைக்கிற ஓட்டம். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு கதவின் அடியும் பிஸ்கட் மாதிரி உதிருது. பின் சில்லுக்கு மேல் வளைவில் கை நுழைகிற ஓட்டை. பின்தட்டின் தரையில் மூன்று இடத்தில் ரோடு தெரியுது. 2020 இல் வாகன இறக்குமதி நின்றபோது இதை விலைக்குக் கேட்டு வீட்டு வாசலில் நின்றவர்கள், இப்ப கண்டால் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

முழு டிங்கரிங்குக்கு கராஜில் இரண்டரை இலட்சம் சொன்னார்கள். என்னிடம் அறுபதாயிரம்தான் இருக்கு. மெல்லிய அலுமினியத் தகட்டைக் கறளுக்கு மேல் வைத்து ரிவெட் அடித்து, ஓரத்துக்குப் பட்டிப் பசை பூசிப் பெயின்ற் அடிக்கலாமா? வடிவு தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன் முடிந்தால் போதும்.

பழைய டிங்கர்:
அடிக்கலாம் தம்பி. வருகிற வருசம் அதே தகட்டைக் கையாலேயே கழற்றலாம். கறளுக்கு மேல் தகடு வைத்தால் இடையில் ஈரம் தேங்கும், உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரும்பும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அலுமினியமும் வெள்ளை மாவாகக் கொட்டும். பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதை ஓட்டை அடைக்கப் பாவிக்கக் கூடாது.

முதலில் வாகனத்துக்குக் கீழே படுத்து, சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம், முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ணங் என்று கேட்டால் நல்லது. தொம் என்று கேட்டாலோ, ஸ்குரூ ட்ரைவர் முனை உள்ளே இறங்கினாலோ, கதவுக்குச் செலவழிக்கிற யோசனையை விடுங்கள். சேசிஸில் ஒட்டுப்போட்டு மறைப்பது சுமை ஏற்றுகிற வாகனத்தில் ஆளைக் கொல்லும்.

கடலோரம்:
ஒரு கேள்வி. வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?

மயிலிட்டி ஓட்டம்:
வீட்டுக் கிணறுதான். கொஞ்சம் உவர். மீன் இறக்கிய கையோடு ஒவ்வொரு நாளும் நன்றாகக் கழுவுகிறேனே. சேசிஸ் தட்டிப் பார்த்தேன், எல்லா இடமும் ணங்.

கடலோரம்:
அப்ப நாளுக்கு இரண்டு தரம் உப்பு ஊற்றுகிறீர்கள்: ஐஸ் உருகின மீன் தண்ணீர் ஒன்று, கிணற்றுத் தண்ணீர் மற்றது. நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள ஆரிடமாவது கேட்டு, கடைசியாக இரண்டு வாளியாவது அந்தத் தண்ணீர் அடியுங்கள். பின்தட்டுத் தரை முழுக்கத் தகடு அடிக்க வேண்டாம். ஓட்டையை அடைத்த பிறகு பனஞ்சிலாகையை (பனைமரச் சட்டம்) இடைவெளி விட்டுப் பரப்பி, அதற்கு மேல் மீன்பெட்டியை வையுங்கள். காற்றுப் போகும், தட்டும் காயும். கழற்றிக் கழுவக்கூடிய மாதிரிப் பூட்டுங்கள்.

வள்ளம் பைபர்:
நாங்கள் வள்ளத்துக்குப் போடுகிற பைபர் துணியும் ரெசின் பசையும் போட்டால் ஒரு நாள் வேலை. மலிவு.

பழைய டிங்கர்:
வள்ளம் முழுக்க பைபர், அதில் பைபர் பிடிக்கும். வண்டித் தகடு அதிரும், வெயிலில் விரியும். அந்த ரெசின் ஓரத்தில் இருந்து உரிந்து வரும். தகட்டை மினுங்கும்வரை உரசி எப்பொக்சி ரெசின் போட்டால் வளைவில் கொஞ்சக் காலம் நிற்கும். கதவடிக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

மயிலிட்டித் தம்பி, உங்கள் காசுக்கு இப்படிச் செய்யலாம். உதிர்கிற பகுதியைக் கிரைண்டரால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறியுங்கள். ஓட்டை பெரிதாகும், பயப்பட வேண்டாம். 20 கேஜ் தடிப்பு இரும்புத் தகட்டில் அளவுக்குத் துண்டு வெட்டி, வெல்டிங்காரரிடம் அந்தத் துண்டுகளை மட்டும் பற்றவைக்கச் சொல்லுங்கள். தகடு வெட்டுவதும் உரசுவதும் உங்கள் கையால் நடந்தால் கூலி நன்றாகக் குறையும். வெல்டிங்கைத் தொடர்ந்து இழுத்தால் தகடு நெளியும், பொட்டுப் பொட்டாக வைக்க வேண்டும். பற்றரி வயரைக் கழற்றுங்கள், டீசல் ராங்கிப் பக்கம் கவனம். கல்வனைஸ் தகடு என்றால் பற்றவைக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சை உரசி எடுங்கள்; அந்த வெள்ளைப் புகையை மூச்சில் எடுத்தால் இரவில் காய்ச்சல் நடுக்கும்.

ஆழக் குழிகளில் மிஞ்சுகிற கறளுக்குப் பொஸ்போரிக் அசிட் உள்ள மருந்து பூசி, கழுவிக் காயவிடுங்கள். பிறகு எப்பொக்சி பிரைமர், மெல்லிசாகப் பட்டி, பெயின்ற். சோளகக் காற்று வீசுகிற நாளில் பெயின்ற் அடித்தால் செம்பாட்டு மண்ணும் சேர்ந்து ஒட்டும். விடிய வெள்ளன அடியுங்கள். பழைய நிறத்தையே அடித்தால் பதிவுப் புத்தகத்தில் கைவைக்கத் தேவையில்லை.

கதவு அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் திறந்திருக்கா பார்த்தீர்களா?

மயிலிட்டி ஓட்டம்:
அப்படித் துளை இருப்பதே இப்பத்தான் தெரியும். முந்தி வைத்திருந்தவர் பட்டி பூசி அடைத்துவிட்டார் போல. கம்பி விட்டுக் குத்தினேன். ஒரு கோப்பை சேறும், அதோடு ஒரு இருபத்தைந்து சதக் குற்றியும் வந்தது. இடது கதவை ஞாயிறு வெட்டப் போகிறேன். சிலாகைக்கு மாமாவின் இடிந்த மால் கொட்டில் இருக்கு.