புகைபிடிக்காத அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்: விறகடுப்புதான் காரணமா?

வாசுகி (ஈரோடு):
அம்மாவுக்கு 61 வயது. பீடி, சிகரெட், புகையிலை எதுவும் தொட்டதில்லை. அப்பாவும் அப்படித்தான். இருமல் விடவில்லை என்று சி.டி. ஸ்கேன் எடுத்தோம், நுரையீரலில் கட்டி. பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்று, மரபணு ரிப்போர்ட்டில் 'இஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 டெலிஷன்' என்ற மாற்றம். தினம் ஒரு ஓசிமெர்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார். சிகிச்சை பற்றி எனக்குக் கேள்வி இல்லை, மருத்துவர் நன்றாகப் பார்க்கிறார். ஆனால் அப்பா, "அந்த விறகடுப்புப் புகைதான். சீக்கிரமே கேஸ் வாங்கியிருக்கணும்" என்று ராத்திரியெல்லாம் புலம்புகிறார். அது உண்மையா? இந்த மாற்றம் எனக்கும் என் மகளுக்கும் இருக்குமா?

நிலவன்:
வாசுகி அக்கா, நான் செல் உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன், மருத்துவர் அல்ல. முதலில் மகளைப் பற்றி. இந்த மாற்றம் அநேகமாக எப்போதும் பிறவியில் வருவதல்ல. அம்மாவின் நுரையீரலில் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்தது, அதிலிருந்து பெருகிய செல்களில் மட்டும் இருக்கும். கருமுட்டை வழியாக உங்களுக்கு வந்திருக்காது. நெருங்கிய சொந்தத்தில் பலருக்கு நுரையீரல் புற்று இருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

இஜிஎஃப்ஆர் என்பது செல்லின் மேல்சவ்வில் இருக்கும் புரதம். வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால்தான் பெருகச் சொல்லும் உத்தரவை உள்ளே அனுப்பும். அதன் மரபணுவில் எக்ஸான் 19 என்ற பகுதியில் ஒரு துண்டு விடுபட்டுப்போனால், எதுவும் ஒட்டாமலே உத்தரவு போய்க்கொண்டிருக்கும். மாத்திரை அதைத்தான் அடைக்கிறது.

இனி புகை. புகை டிஎன்ஏவைக் கெடுக்கும், அதனால் புற்று வரும் என்றுதான் நாங்கள் படித்தோம். சிகரெட்டுக்கு அது சரி. காற்று மாசு விஷயத்தில், லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் சார்லஸ் ஸ்வான்டன் குழு 2023-இல் நேச்சர் இதழில் காட்டியது வேறு. புற்று இல்லாத நுரையீரல் திசு மாதிரிகள் 295-ஐ ஆராய்ந்ததில், 18 சதவீதத்தில் இஜிஎஃப்ஆர் மாற்றம் ஏற்கனவே இருந்தது! கட்டியே இல்லை, மாற்றம் மட்டும் இருக்கிறது. இஜிஎஃப்ஆர் மாற்றம் ஒன்றை ஏற்றிய எலிகளை, காற்று மாசில் இருக்கும் பி.எம். 2.5 என்ற நுண்துகள்களைச் சுவாசிக்க வைத்தபோது கட்டிகள் கூடின, ஆனால் டிஎன்ஏவில் புதிய மாற்றங்கள் கூடவில்லை. துகள்களைச் சுத்தம் செய்ய வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற, அழற்சியைத் தூண்டும் புரதத்தைச் சுரக்கின்றன. அந்த அழற்சியில் காற்றுப்பையின் செல்கள் ஸ்டெம் செல் போன்ற, மறுபடி பெருகக்கூடிய நிலைக்குத் திரும்புகின்றன. மாற்றம் உள்ள செல் அப்போது பெருகத் தொடங்குகிறது. விதை முன்பே கிடந்தது, ஈரம் பிறகு வந்தது.

விறகுப் புகையிலும் இந்த நுண்துகள் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வீட்டு விறகுப் புகையை 2ஏ பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் அம்மாவின் கட்டிக்கு அதுதான் காரணம் என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. விறகடுப்பே பார்க்காத பெண்களுக்கும் இதே மாற்றத்தோடு இதே நோய் வருகிறது. அப்பாவிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள், அவர் குற்றவாளி இல்லை.

செந்தில் (தேனி):
அப்படியானால் நம் எல்லோருக்குள்ளும் இது கிடக்கிறதா? பயமாக இருக்கிறது தம்பி.

நிலவன்:
கிடக்கலாம் அண்ணா, பெரும்பாலும் கிடந்தே போய்விடும். உணவுக்குழாயைப் பாருங்கள். 2018-இல் கேம்பிரிட்ஜ் அருகே சாங்கர் நிறுவனத்தார் கண்டது: நடுத்தர வயதில், நல்ல உணவுக்குழாயிலேயே நாட்ச்1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள செல்கள் பரவலாக இருக்கின்றன, அங்கே வரும் புற்றுக் கட்டிகளில் இருப்பதைவிட அதிகமாக. 2021-இல் எலிகளில் இன்னொன்றும் தெரிந்தது. சுற்றியுள்ள மாறிய செல்கள், புதிதாக முளைக்கும் குட்டிக் கட்டிகளை நெருக்கி வெளியே தள்ளிவிடுகின்றன. என்னை மிகவும் அசத்திய ஆய்வு இது. மாற்றம் என்றாலே புற்று என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

வாசுகி (ஈரோடு):
நன்றி தம்பி, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அந்த அழற்சியை நிறுத்த மருந்து உண்டா? சித்தி இன்னும் விறகில்தான் சமைக்கிறார்.

நிலவன்:
கனகினுமாப் என்ற மருந்து இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அடைக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில், 2017-இல், நுரையீரல் புற்று குறைந்ததைக் கவனித்தார்கள். ஆனால் வந்துவிட்ட புற்றுக்குக் கொடுத்த சோதனைகளில் பலன் இல்லை. தடுப்பு மருந்தாக இன்று எதுவும் கைக்கு வரவில்லை. சித்தியை கேஸுக்கு மாற்றுங்கள், மூச்சுக்கும் இதயத்துக்கும் அது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. அப்புறம், அவருக்கு இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் மருந்துக்கடை சிரப்போடு விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.