'மாயாபஜார்' தெலுங்கு: சப்டைட்டில் ஒத்துப்போகவில்லை

1957இல் கே.வி. ரெட்டி இயக்கிய தெலுங்கு 'மாயாபஜார்', 2010இல் வெளிவந்த வண்ணப் பதிப்பு, டிவிடியாக இருக்கிறது. ஜெமினி கணேசன் நடித்த தமிழ்ப் படத்தை மனப்பாடமாகவே அறிந்த அம்மாவுக்கு, இப்போது அபிமன்யுவாக நாகேஸ்வர ராவைப் பார்க்க வேண்டுமாம். கிடைத்ததோ கறுப்பு வெள்ளைப் பிரதிக்கான ஆங்கில சப்டைட்டில். நான்தான் படித்துச் சொல்கிறேன்.

முதல் அரை மணி நேரம் சரி. பிறகு பிசகுகிறது. ரங்கா ராவ் லட்டுகளை விழுங்கும்போது, எப்போதோ முடிந்துபோன நாயகி சசிரேகையின் வசனம் கீழே நிற்கிறது!

கணினியில் படம் பார்க்கும் விஎல்சி செயலியில் சப்டைட்டிலை 40 நொடி நகர்த்தினேன். அடுத்த பாட்டிலேயே மறுபடி விலகல். சப்டைட்டிலின் பிரேம் வேகத்தை (நொடிக்கு ஓடும் படச்சட்டங்களின் எண்ணிக்கை) 25இலிருந்து 23.976க்கு மாற்றியும் பயனில்லை. வண்ணப் பதிப்பில் இடையிடையே காட்சிகளை வெட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

வண்ணப் பதிப்புக்கென்றே நேரம் குறித்த சப்டைட்டில் கோப்பு யாரிடமாவது இருக்கிறதா?