பாலியல் நடத்தை பற்றிய வினாக்கொத்துக்குக் கிடைக்கும் பதில்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பொரளை மாணவி எழுதியது:

வணக்கம். கொழும்பில் பொதுச் சுகாதார முதுமாணிப் பட்டத்துக்காக ஓர் ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளும் மொத்த வியாபாரக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் எச்.ஐ.வி. தொற்றக்கூடிய சூழ்நிலைகளை எந்த அளவுக்கு எதிர்கொள்கிறார்கள், ஆணுறை பயன்படுத்துவதற்கு எவை தடையாக இருக்கின்றன என்பனவே ஆய்வின் பொருள். நான் சந்தித்தவர்களில் பலர் மலையகத்திலிருந்து தனியாக வந்து, கடை மாடியிலோ கொட்டாஞ்சேனைப் பக்கம் வாடகை அறையிலோ பலரோடு சேர்ந்து தங்கியிருப்பவர்கள்.

வினாக்கொத்தை ஒரு சிறு குழுவிடம் முன்னோட்டமாகக் கொடுத்தபோது, மணமாகாத எல்லோரும் "அப்படி எதுவும் இல்லை" என்றார்கள். மணமானவர்கள் மனைவியைத் தவிர வேறு யாருமில்லை என்றார்கள். ஆனால் வேலை முடிந்து பிளேன்டீ குடிக்கும் நேரத்தில், பெயர் சொல்லாமல் தங்கள் நண்பர்களைப் பற்றி அவர்கள் கதைத்தவை முற்றிலும் வேறாக இருந்தன. நேர்காணலை அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டு நடத்தினால் மனம் திறப்பார்களா? எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டால் பதில்களைச் சரிபார்க்க முடியுமா?

தெகிவளை கள ஆய்வாளர் எழுதியது:

ஊர்க்காரரை அனுப்ப வேண்டாம், சகோதரி. ஒரே தோட்டத்தைச் சேர்ந்தவர் கேட்கும்போது, தான் சொல்வது தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்கு முன்பே தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற அச்சம்தான் முதலில் எழும். மொழியும் பேச்சு வழக்கும் தெரிந்த, ஆனால் உறவோ ஊரோ தொடர்பில்லாத ஓர் ஆண் நேர்காணலாளரே இந்தக் குழுவுக்குப் பொருத்தமானவர் என்பது என் கருத்து.

கேட்பவர் யார் என்பதைப் போலவே, எந்த வழியாகக் கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றும். அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையான ஆண்களிடம் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஓர் ஆய்வில், காதொலிப்பானில் கேள்வியைக் கேட்டுக் கணினியில் தாங்களே விடையளித்தவர்களில் 5.5 சதவீதத்தினர் வேறோர் ஆணுடன் பாலுறவு கொண்டதாகக் கூறினர். தாளில் நிரப்பியவர்களில் அவ்வாறு கூறியவர்கள் 1.5 சதவீதத்தினர் மட்டுமே. இதைப் படித்துவிட்டு உடனே டெப்லெட் கணினி வாங்கப் புறப்பட வேண்டாம், ஏனென்றால் ஆபிரிக்க நாடுகளில் கிடைத்த முடிவுகள் ஒரே சீராக இல்லை. சிம்பாப்வேயில் பெண்களின் உடலில் விந்துவின் தடயத்தைப் பரிசோதித்த ஆய்வொன்றில், தடயம் காணப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், அண்மைய நாள்களில் உறவே கொள்ளவில்லை என்றோ ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்தியதாகவோ சொல்லியிருந்தார்கள். கணினியில் விடையளித்தவர்கள்கூட அந்த விடயத்தில் மேம்பட்டிருக்கவில்லை. அதே நாட்டில் இன்னோர் ஆய்வுக் குழு, கூச்சத்துக்குரிய கேள்விகளுக்கான விடைகளைச் சீட்டில் குறித்துப் பூட்டிய பெட்டியில் போடச் செய்து, நேரடி நேர்காணலைவிட அதிக வெளிப்படையான பதில்களைப் பெற்றது. உங்கள் செலவுக்கும் புறக்கோட்டையின் இரைச்சலுக்கும் இந்தப் பெட்டியே ஏற்றது. எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் படங்களும் நிறங்களும் போதும்.

"நீங்கள் எப்போதும் ஆணுறை பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்வியை அகற்றிவிடுங்கள். அது நினைவைச் சோதிப்பதில்லை, நற்பெயரையே சோதிக்கிறது. கடைசியாக உறவு கொண்டபோது பயன்படுத்தப்பட்டதா என்று கேட்பதே நெடுங்கால வழக்கம். ஒரு தனி நிகழ்வு என்பதால் நினைவில் நிற்கும், சராசரி போட்டுச் சொல்லத் தேவையில்லை. கூட்டாளிகளின் எண்ணிக்கைக்குக் கடந்த 12 மாதங்களை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் எல்லோரும் ஐந்து, பத்து என்று உத்தேசமாகச் சொல்லத் தொடங்குவார்கள்.

புள்ளிவிபரப் பிரியன் எழுதியது:

இரத்தப் பரிசோதனை பற்றிய இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இலங்கையில் 15 முதல் 49 வயது வரையானோரில் எச்.ஐ.வி. தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவு. நாட்டாமைகளிடையேயும் அதே அளவுதான் என்று வைத்துக்கொண்டால், 400 பேரைப் பரிசோதித்தாலும் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவாகவே இருக்கும். யாருமில்லை என்ற முடிவு நடத்தையைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லாது. ஒருவர் இருந்துவிட்டால், அவர் யார் என்று புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு முழுவதும் தேடத் தொடங்கும். சரிபார்ப்பதற்கு உயிரியல் சான்று ஒன்று வேண்டுமென்றால், பாலுறவால் பரவும் சிபிலிசு நோய்க்கான பரிசோதனை பரவாயில்லை. ஆனால் அதன் ஒரு வகைப் பரிசோதனை குணமான பின்னரும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நேர்மறையாகவே காட்டும் என்பதால், வி.டி.ஆர்.எல். போன்ற, தொற்றின்போது அளவு ஏறிச் சிகிச்சைக்குப் பின் இறங்கும் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்தால்தான் அண்மைய தொற்றை அனுமானிக்க முடியும்.

மாதிரி பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. ஒருவர் தனக்குத் தெரிந்தவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து அழைத்துவரும் முறையை 1997இல் டக்ளஸ் ஹெக்கதோர்ன் முன்வைத்தார். ஒளிந்து வாழும் குழுக்களுக்கு அது அருமையான கருவி. நாட்டாமைகள் ஒளிந்து வாழ்பவர்கள் அல்லர். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் லொறி இறங்குகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே இடங்களையும் நேரங்களையும் பட்டியலிட்டு, அதிலிருந்து குலுக்கி எடுத்து, அங்கே நிற்பவர்களை அணுகும் முறையே போதும். புறக்கோட்டையில் இருந்த மெனிங் மரக்கறிச் சந்தை பேலியகொடைக்கு மாறியதையும் பட்டியல் போடும்போது மறந்துவிடாதீர்கள்.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

ஏன் நாட்டாமைகள்? வங்கியில் வேலை செய்பவர்களிடம் இதே கேள்விகளைக் கேட்டு யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா? நாளை ஆய்வு பத்திரிகையில் வரும்போது, மலையகத் தமிழ் இளைஞர்களே நோயைக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் தலைப்பாக இருக்கும்.

மருதானை ஆலோசகர் எழுதியது:

வாசகனின் அச்சம் நியாயமானது, ஆனால் அதற்கு மருந்து ஆய்வைக் கைவிடுவது அல்ல. முகவரியையும் தோட்டத்தின் பெயரையும் வினாக்கொத்திலேயே கேட்காவிட்டால் அறிக்கையில் எழுதவும் முடியாது. கடை மாடியில் பலரோடு படுப்பவர் ஆணுறையை எங்கே வைப்பார், கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் மூட்டை தூக்காமல் வரிசையில் நின்றால் அன்றைய கூலி யார் தருவது போன்றவற்றைக் கேட்டு எழுதினால், தலைப்பு வேறு மாதிரி வரும்.

சட்டத்தையும் கவனியுங்கள், தங்கச்சி. ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள், அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்த பிறகும் தானாக மறைந்துவிடவில்லை. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பாலியல் தொழிலாளரைக் கைது செய்யப் பயன்படுகிறது. பையில் ஆணுறை இருப்பதே சான்றாகக் காட்டப்படும் என்ற பயம் வீதியில் நிற்பவர்களிடம் உண்டு. ஆகவே கையொப்பமிட்ட சம்மதப் படிவம் உங்கள் ஆய்வில் பாதுகாப்பு அல்ல, ஆபத்து. சாட்சி முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று ஒழுக்கவியல் குழுவிடம் காரணம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று. ஆணுறை இல்லாத உறவையெல்லாம் ஆபத்து என்று ஒரே கட்டத்தில் போடும் வினாக்கொத்துகள் காலாவதியாகிவிட்டன. துணைவர்களில் ஒருவருக்கு மட்டும் தொற்றும், சிகிச்சையால் வைரசு அடங்கிய நிலையும் இருந்த ஆண் இணைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஆணுறையின்றிப் பல்லாயிரம் முறை உறவு நிகழ்ந்தும் அந்தத் துணைவரிடமிருந்து ஒரு தொற்றுக்கூடப் பரவவில்லை. தொற்றுக்கு முன்பே எடுக்கும் தடுப்பு மாத்திரையும் இருக்கிறது. இவற்றைக் கேட்காமல் ஆபத்தை எப்படி அளப்பீர்கள்?

யாராவது நேர்காணலில் நேற்று இரவு நடந்ததைச் சொன்னால், வினாக்கொத்தை மூடி வைத்துவிட்டு அவரை அன்றே கிளினிக்குக்கு அனுப்புங்கள். தொற்றுக்குப் பின்னரான மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் எடுக்க வேண்டும். கொழும்பில் டி சேரம் பிளேஸில் உள்ள, பாலியல் நோய்களுக்கான மத்திய கிளினிக்கில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், இரகசியம்.

பொரளை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரத்தப் பரிசோதனையை விட்டுவிடுகிறேன். பெட்டி முறையையும் வாய்மொழிச் சம்மதத்தையும் திருத்திய முன்மொழிவில் சேர்க்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம், ஐயா: சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டால், அதை அதே ஆளின் வயதோடும் தங்குமிடத்தோடும் எப்படிப் பொருத்துவது?

தெகிவளை கள ஆய்வாளர் எழுதியது:

சீட்டிலும் வினாக்கொத்திலும் ஒரே தொடரிலக்கத்தை முன்கூட்டியே அச்சிடுங்கள், பெயரை எங்கும் எழுதாதீர்கள். அந்த இலக்கம் எதற்கு என்பதைப் பதிலளிப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் அடுத்த லொறி இறங்குவதற்குள் தெரு முழுவதும் கதை பரவிவிடும். பெட்டியை நேர்காணலாளர் திறக்கக் கூடாது.